உலக்கைக்குத் தந்தப் பூண்

உலக்கைக்கு ஏன் பூண் போடுகிறோம்? நெல் குத்தியவர்களைக் கேட்டால் உடனே பதில் வரும். குத்துகிற வேகத்தில் மரத்தின் நார் பிளந்து பூவாக விரிந்துவிடாமல் இருக்கத்தான் பூண். அதற்கு இரும்பு போதும். பட்டறையில் அடித்த பூண் மரத்தைக் கவ்விப் பிடித்தால் சரி. 'இரும்புப் பூண் உலக்கையில் குத்திய அரிசி ருசிக்காது, வெள்ளிப் பூண் போட்டால்தான் சோறு மணக்கும்' என்று யாராவது ஒரு மகானுபாவர் சொல்லியிருந்தால், நம் பாட்டிமார்கள் உலக்கையை அவர் கையில் கொடுத்து, "நீயே ஒரு மரக்கால் குத்திப் பாரப்பா" என்றிருப்பார்கள்.

ஆனால் அதே பேச்சைப் பச்சைத் துணி விரித்த மேஜைக்குப் பக்கத்தில் நின்று, கையில் பில்லியர்ட்ஸ் கோலைப் பிடித்துக்கொண்டு சொன்னால், பட்டம் பெற்றவர்கள்கூட வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்கள். கோலின் நடுவே இருக்கிற மூட்டில்தான் அதன் உயிர் இருக்கிறதாம். அந்த மூட்டுக்கு எஃகா, பித்தளையா, மரமா, பேக்கலைட்டா, தந்தமா என்பதில் ஆட்டத்தின் தலைவிதியே அடங்கியிருக்கிறதாம். பெரிய நகரங்களில் மட்டும் நடக்கிற சமாசாரம் அல்ல இது. பொருநை பாய்கிற நம் சீமையிலும், மாடியில் இரண்டு மேஜை போட்டு மணிக்கணக்கில் வாடகை வாங்குகிற இடங்களில் இந்தப் புராணப் பிரசங்கம் நாள்தோறும் நடக்கிறது. இந்தப் புராணத்தைக் கொஞ்சம் உரசிப் பார்ப்பதுதான் என் நோக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பில்லியர்ட்ஸ் நமக்கு அந்நியமான ஆட்டம், அதைப் பற்றித் தமிழில் எழுதுவானேன் என்று நினைக்க வேண்டாம். அதன் தம்பியான ஸ்னூக்கர் பிறந்ததே இந்த நாட்டில்தான். 1875-ல் ஜபல்பூரில், மழைக்காலத்தில் பொழுது போகாத வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரிகள் மத்தியில், நெவில் சேம்பர்லேன் என்ற இளம் லெப்டினண்ட் பழைய ஆட்டத்தில் இன்னும் சில வர்ணப் பந்துகளைச் சேர்த்து அதைத் தொடங்கி வைத்தார். அதற்கு ஒழுங்கான சட்டதிட்டம் ஏற்பட்டது 1880-களில், நம் ஊட்டியிலுள்ள கிளப்பில். சுதந்திர இந்தியாவுக்கு முதல் உலக சாம்பியன் பட்டத்தைக் கொண்டு வந்தவரும் பில்லியர்ட்ஸ்காரர்தான். வில்சன் ஜோன்ஸ் 1958-ல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பட்டத்தை வென்றார். 1964-ல் மறுபடியும் வென்றார். ஆகையால் இந்தக் கோலைப் பற்றிப் பேச நமக்குச் சகல பாத்தியதையும் உண்டு.

இனி மூட்டு விஷயத்துக்கு வருகிறேன். கோல் ஏறக்குறைய 58 அங்குல நீளம். அதை அப்படியே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் என்ன சொல்வார் என்று சொல்லவேண்டியதில்லை. அதனால் அதை இரண்டாக்கி, நடுவில் ஒரு திருகாணியை வைத்து மாட்டிக் கழற்றும்படி செய்கிறார்கள். கைப்பக்கத்துக் கட்டையிலிருந்து ஆணி நீட்டிக்கொண்டிருக்கும். முன்தண்டில் அதற்கான மரை வெட்டியிருக்கும். இரண்டு துண்டும் சந்திக்கிற இடத்தில் மரம் பிளக்காமல் இருக்க ஆளுக்கொரு பூண். மூட்டு என்பது இவ்வளவுதான். இதற்கு வேலை மூன்று: இரண்டு துண்டையும் ஒரே நேர்க்கோட்டில் நிறுத்த வேண்டும், ஆடாமல் பிடிக்க வேண்டும், வேண்டும்போது கழன்றுகொடுக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்கிற மூட்டு நல்ல மூட்டு. செய்யாத மூட்டு தேவலோகத்துப் பொருளால் ஆனதாக இருந்தாலும் கெட்ட மூட்டுதான்.

இதில் பெரிய சாஸ்திரம் ஒன்றும் இல்லை. நம் வீட்டுப் பெண்கள் காதில் தினமும் மாட்டிக் கழற்றுகிற தோட்டின் திருகு எப்படியோ, அப்படித்தான் இதுவும். வைரத் தோடு தொலைந்துபோனால், 'வைரம் மட்டமான வைரம்' என்று எந்தப் பெண்ணாவது சொல்கிறாளா? திருகின் மரை தேய்ந்துபோயிற்று, ஆசாரியிடம் காட்டாமல் விட்டேன் என்றுதான் தலையில் அடித்துக்கொள்கிறாள். குத்துவிளக்கும் அப்படித்தான். அடித்தட்டு, தண்டு, எண்ணெய்த் தட்டு, தலை என்று துண்டு துண்டாகத் திருகி நிறுத்துகிறோம். விளக்கு சாய்ந்தால் பித்தளையின் குலம் கோத்திரத்தை விசாரிப்பதில்லை. மரையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கிறதா, திருகு கோணலாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறோம். காதுக்கும் விளக்குக்கும் இருக்கிற புத்தி கோலைக் கண்டதும் மட்டும் எங்கே போகிறது?

மூட்டுப் புராணிகர்களின் முதல் வாதம் நாதம். நண்பர் ஒருவர் தம் கோலை மேஜைமேல் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, இது தந்த மூட்டு. அடிச்சா கையிலே ஒரு நாதம் வரும் பாருங்க, எஃகு மூட்டிலே அது வரவே வராது." நான் அடித்துப் பார்த்தேன். ஏதோ ஒரு சப்தம் வந்தது. எஃகு மூட்டுக் கோலிலும் அடித்தேன். அதிலும் ஒரு சப்தம் வந்தது. இரண்டும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். எஃகில் அதிர்வு கொஞ்சம் கூர்மை. தந்தத்தில் கொஞ்சம் மந்தம். அந்த வித்தியாசம் பந்துக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

கோலின் நுனித் தோல் பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு வினாடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். அடியின் அதிர்வைக் கை உணர்ந்து அது மூளைக்குப் போய்ச் சேருவதற்குக் குறைந்தது அதைப்போல் பத்து மடங்கு நேரம் ஆகிறது. அதாவது நண்பர் தம் தந்த நாதத்தைக் கேட்டுச் சொக்குவதற்குள் பந்து புறப்பட்டுப் போய்விட்டது. போகிற பந்துக்கு இந்தக் கச்சேரி காதில் விழாது. நேராக அடித்திருந்தால் அது பையில் விழும். கோணலாக அடித்திருந்தால் விழாது.

அவரே நாதம் என்ற சொல்லை எடுத்ததால், நானும் நாதஸ்வரத்தைத் துணைக்கு அழைக்கிறேன். காருகுறிச்சி நம் ஆற்றங்கரை ஊர். 1964-ல் மறைந்த அருணாசலம் அந்த ஊர்ப் பெயரை உலகமெங்கும் ஊதி வைத்துவிட்டுப் போனார். அந்த வாத்தியத்தின் உலவு ஆச்சா மரத்தில் கடைந்தது. அடியில் விரிகிற அணைசு தனித் துண்டு. அங்கே மரத்துக்கு மதிப்பு உண்டு. ஏனென்றால் அது பாடுகிற மரம். காற்று அதற்குள் நின்று அதிர்கிறது. ஆனால் அந்த வித்வான்கள்கூட எதைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறார்கள்? சீவாளியை. விரல் நீளம்கூட இல்லாத அந்தத் தட்டை கெட்டுப்போனால் தங்கப் பூண் போட்ட நாதஸ்வரமும் குழாய்தான். அதனால்தான் ஒன்றுக்குப் பல சீவாளிகளை வாத்தியத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போகிறார்கள்.

கோலுக்குச் சீவாளி அதன் நுனித் தோல். பந்தைத் தொடுவது அது ஒன்றுதான். அதன் கடினம், அதன் குவிவு, அதில் சுண்ணக்கட்டி ஏறுகிற தன்மை ஆகியவைதான் அடியை மாற்றுகிறவை. ஆனால் நம்மவர்கள் செய்வது என்ன? மூட்டுக்கு ஆயிரக் கணக்கில் அழுதுவிட்டு, தேய்ந்து தட்டையாகிப் பளபளத்துப்போன தோலோடு மாதக் கணக்கில் ஆடுகிறார்கள். பிறகு பந்து வழுக்கினால் மூட்டின் பொருள் சரியில்லை என்கிறார்கள்.

இரண்டாவது வாதம் பருவநிலையைப் பற்றியது. 'நம் ஊர் வெயிலுக்கு உலோகம் விரிந்துவிடும். அதனால் உலோக மூட்டு ஆகாது' என்று விஞ்ஞான தோரணையில் சொல்கிறார்கள். விஞ்ஞானம் என்று வந்துவிட்ட பிறகு கணக்குப் பார்க்காமல் விடலாமா? பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். பெருக்கத் தெரிந்தால் போதும்.

பூணின் குறுக்களவு 22 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பித்தளை ஒரு டிகிரி சூட்டுக்குத் தன் அளவில் பத்து லட்சத்தில் 19 பங்கு விரியும். காலைக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்றால், அந்தப் பூண் விரிவது 0.006 மில்லிமீட்டர். இப்போது மரத்துக்கு வருவோம். மரம் சூட்டால் அதிகம் விரிவதில்லை, ஈரத்தால் விரிகிறது. அதுவும் நீளவாக்கில் அல்ல, குறுக்குவாக்கில். கடினமான மரங்களில், உள்ளே இருக்கும் ஈரம் நூற்றுக்கு ஒன்று கூடினால் குறுக்களவு சுமார் ஆயிரத்தில் மூன்று பங்கு கூடும். கத்திரி வெயிலுக்கும் ஐப்பசி அடைமழைக்கும் இடையில் பாதுகாப்பில்லாத மரத்தின் ஈரம் நூற்றுக்கு நான்கு மாறினால், அதே 22 மில்லிமீட்டர் கட்டை 0.26 மில்லிமீட்டர் மாறுகிறது. உலோகம் விரிவதைப் போல் ஏறக்குறைய நாற்பது மடங்கு!

ஆகவே பகைவன் பூணில் இல்லை. பூணுக்குள்ளே இருக்கிற மரத்தில் இருக்கிறான். இது நம் வண்டிக்காரனுக்குத் தெரிந்த சங்கதி. கோடையில் மாட்டுவண்டிச் சக்கரத்தின் மரம் காய்ந்து சுருங்கும்; மேலே போட்ட இரும்புப் பட்டா தளர்ந்து கடகடக்கும். அவன் 'எஃகுப் பட்டா போடு, வெள்ளிப் பட்டா போடு' என்று கூச்சல் போடவில்லை. சக்கரத்தை வாய்க்கால் தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினான். மரம் ஊறி உப்பியதும் பட்டா கவ்விக்கொண்டது. கோலை வாய்க்காலில் நிறுத்த முடியாது என்பதால், கோல் செய்கிறவன் அந்த வேலையை முன்கூட்டியே செய்கிறான். மரத்தை வருஷக் கணக்கில் காயவைக்கிறான். ஒரேயடியாகக் கடையாமல், கொஞ்சம் கடைந்து, தொங்கவிட்டு, கோணுகிறதா என்று பார்த்து, மறுபடி கடைகிறான். மூட்டின் முகத்திலும் மரை வெட்டிய துவாரத்துக்குள்ளும் ஈரம் புகாமல் அடைக்கிறான். இரண்டு பருவமழையிலும் நனைகிற இந்தப் பள்ளத்தாக்கில் கோலுக்கு ஆயுள் தருவது இந்தப் பொறுமைதான். கடையில் கோல் வாங்கப் போகிறவர்கள் மரம் எத்தனை வருஷம் காய்ந்தது என்று கேட்பதில்லை. பூண் எந்த நாட்டுச் சரக்கு என்று கேட்கிறார்கள்.

பருவநிலையைச் சொல்லித் தந்தத்துக்குப் பரிந்து பேசுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. தந்தமும் ஈரத்துக்கு உப்பும், காய்ந்தால் வெடிக்கும். தந்தப் பந்துகள் புழக்கத்தில் இருந்த காலத்தில், அவற்றை ஆடுகிற அறையின் காற்றுக்குப் பழக்கிய பிறகுதான் மேஜையில் வைத்தார்கள். தந்த மூட்டுகளும் காய்ச்சலில் கீறல் விடுகின்றன. நாலு ரூபாய்ச் சாமானுக்கு இருக்கிற குறையே நாற்பதாயிரம் ரூபாய்ச் சாமானுக்கும் இருந்தால், கூடுதலாகக் கொடுத்த பணம் எதற்காக என்று கேட்கக் கூடாதா?

மூன்றாவதாக, பொருளுக்குப் பொருள் வித்தியாசமே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. நியாயமான ஒரு வித்தியாசம் உண்டு. அதை நான் மறைக்கப்போவதில்லை. அது எடை.

ஒரு மூட்டுப் பூணில் இருக்கிற பொருள் சுமார் 4 கன சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், எஃகிலோ பித்தளையிலோ அது 30 கிராமுக்குச் சற்று மேல். தந்தத்தில் 7 கிராம். பேக்கலைட் ஜாதிப் பிசினைத் துணியோடு அடுக்கி இறுக்கிச் செய்கிற பொருளில் 5 கிராம் அல்லது சற்றுக் கூட. கருங்காலியில் 4 கிராம். கோலின் மொத்த எடை 540 கிராம் என்றால், நடுவில் 25 கிராம் கூடுவதால் அதன் எடை மையம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் முன்னே நகரும். இது கைக்குத் தெரியும். சிலருக்கு முன்பாரம் பிடிக்கும். சிலருக்குப் பின்பாரம் பிடிக்கும். முன்பாரம் வேண்டியவன் எஃகோ பித்தளையோ போட்டுக்கொள்ளட்டும். வேண்டாதவன் பேக்கலைட் போட்டுக்கொள்ளட்டும். இது ருசி பேதம். இதில் சண்டைக்கு இடமில்லை. ஆனால் கணக்கைக் கவனியுங்கள்: தந்தத்துக்கும் பேக்கலைட்டுக்கும் வித்தியாசம் இரண்டு கிராம்தான். இந்த இரண்டு கிராமுக்காகத்தான் ஒரு யானை சாக வேண்டியிருக்கிறது.

திருகாணியிலும் இதே மாதிரி எளிய நியாயம்தான். எஃகு ஆணியை எஃகு மரையில் ஏற்றினால் ஒன்றையொன்று கடித்துப் பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. எஃகு ஆணிக்குப் பித்தளை மரை ஒத்துப்போகும். மரத்திலேயே நேராக மரை வெட்டுவதானால் மரை பெரிதாக இருக்க வேண்டும். ஓர் அங்குலத்துக்குப் பத்து சுற்று என்கிற மாதிரி. நெருக்கமான சின்ன மரையை மரத்தில் வெட்டினால் நாலு நாளில் பொடிந்து போகும். பிறகு அந்தக் கோலையும் அதை வாங்கியவனையும் பார்த்து 'மரை கழன்ற கேஸ்' என்று சொல்ல வேண்டியதுதான். இவ்வளவும் பட்டறையில் சுத்தியல் பிடித்துப் பழகிய பையனுக்குத் தெரியும். இதைச் சொல்ல மேல்நாட்டுச் சாஸ்திரி வேண்டாம்.

உண்மையில் எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்றை யாரும் பேசுவதில்லை. அது பொருத்தம். இரண்டு துண்டும் சந்திக்கிற முகம் கோலின் அச்சுக்குச் சரியான செங்குத்தாக இருக்க வேண்டும். 21 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்த முகத்தில், ஒரு ஓரம் மற்ற ஓரத்தைவிட 0.05 மில்லிமீட்டர் உயர்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தலைமயிரின் கனம்தான் அது. மூட்டிலிருந்து நுனி 740 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அந்தத் தலைமயிர்க் கோணல் நுனியில் போய் முக்கால் இஞ்சுப் பேச்சாக இல்லாவிட்டாலும், ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் கோணலாக நிற்கும். தந்தமாக இருந்தாலும் நிற்கும், தங்கமாக இருந்தாலும் நிற்கும்.

பம்பரம் விட்ட பையனுக்கு இது புரியும். ஆணி நட்ட நடுவில் இறங்கினால் பம்பரம் நின்று தூங்கும். ஒரு நூலிழை விலகினால் தலையை ஆட்டிக்கொண்டு ஓடும். ஆட்டம் போடுகிற பம்பரத்துக்கு எந்தப் பையனும் வெள்ளி ஆணி கேட்டு அழுததில்லை. ஆணியைப் பிடுங்கிச் சரியாக அடித்துத் தரச் சொல்லிக் கடைசல்காரரிடம்தான் ஓடினான்.

இனி அந்தத் தந்தம். அதைப் பற்றி எழுதும்போது கேலி செய்ய மனம் வரவில்லை.

ஒரு காலத்தில் பில்லியர்ட்ஸ் பந்தே தந்தத்தில்தான் செய்தார்கள். ஒரு கொம்பின் நடுப்பாகத்திலிருந்து சில பந்துகள்தான் தேறும். எத்தனை யானைகள் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கடைசியில் வியாபாரிகளே பயந்துபோனார்கள். யானைமேல் இரக்கம் வந்ததால் அல்ல, சரக்கு தீர்ந்துவிடும் என்ற கவலையால். 1860-களில் நியூயார்க்கில் ஒரு பில்லியர்ட்ஸ் கம்பெனி, தந்தத்துக்குப் பதில் ஒரு பொருள் கண்டுபிடிப்பவருக்குப் பத்தாயிரம் டாலர் பரிசு என்று அறிவித்தது. ஜான் வெஸ்லி ஹயட் என்ற அச்சுத் தொழிலாளி அதில் இறங்கி, 1870-ஐ ஒட்டி செல்லுலாய்டை உருவாக்கினார். 1907-ல் பேக்கலைட் வந்தது. இன்றைக்கு மேஜையில் உருளுகிற பந்துகள் அந்தப் பேக்கலைட்டின் வம்சத்துப் பிசினால் ஆனவை. பந்துக்கே தந்தம் வேண்டாம் என்று ஆகி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடிப்போயிற்று. அடிபடுகிற பந்தே தந்தம் இல்லாமல் அழகாக ஓடும்போது, பந்தைத் தொடாமல் இரண்டடிக்கு மேல் தள்ளி உட்கார்ந்திருக்கிற பூணுக்குத் தந்தம் வேண்டுமாம்!

நம் நாட்டில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1986-லும் 1991-லும் வந்த திருத்தங்களும் சேர்ந்து, இந்திய யானையின் தந்தமானாலும் ஆப்பிரிக்க யானையின் தந்தமானாலும் வியாபாரம் செய்ய இடமில்லாமல் அடைத்துவிட்டன. 1989-ல் சர்வதேச உடன்படிக்கையும் ஆப்பிரிக்கத் தந்தத்துக்குத் தடை போட்டது. அப்படியிருந்தும் 'பழைய சரக்கு', 'தாத்தா காலத்துக் கொம்பு' என்று காதோடு காதாகப் பேச்சு நடக்கிறது. வெளிநாடுகளில் இன்னொரு தந்திரமும் உண்டு. சைபீரியாவின் பனிக்கடியில் ஆயிரக் கணக்கான வருஷங்களுக்கு முன் செத்துக் கிடக்கிற மாமூத யானையின் தந்தம் இது, பாவம் இல்லாத தந்தம் என்கிறார்கள். புதிய தந்தத்தைப் பழைய தந்தத்தோடு கலந்து விற்க அதைவிட வசதியான திரை வேறு இல்லை.

இதை மற்ற ஊர்க்காரன் பேசினாலும் பொறுக்கலாம்; தாமிரவருணித் தண்ணீர் குடிக்கிறவன் பேசலாமா? அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பொதிகையிலிருந்து. அந்தக் காடு யாருடையது? யானையினுடையது. 1988-ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமாயிற்று. தமிழ்நாட்டில் முதல் புலிகள் காப்பகம் அதுதான். 2022-ல் அதே மலைத்தொடரில் சுமார் 1,197 சதுர கிலோமீட்டரை அகஸ்தியமலை யானைகள் காப்பகமாக அறிவித்தார்கள். நம் யானைகளில் ஆண் யானைக்குத்தான் கொம்பு. கொம்புக்காகச் சுடுகிறவன் ஆண் யானையாகப் பார்த்துத்தான் சுடுகிறான். கொம்பில் மூன்றில் ஒரு பங்கு மண்டைக்குள்ளே புதைந்திருக்கிறது. பல்லைப் பிடுங்குவதுபோல் வலிக்காமல் எடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும். காட்டை வைத்துத்தான் ஆறு. ஆற்றை வைத்துத்தான் கார், பிசானம் என்று இரண்டு போகம். காட்டின் சொந்தக்காரனைக் கொன்ற கொம்பில் பூண் செய்து அதில் நாதம் கேட்கிறதென்று சொல்வதற்கு ரசிகத்தனம் என்று பெயர் வைக்க என் பேனாவுக்குத் துணிவில்லை.

சரி, தந்தத்தை விட்டுவிடுகிறோம், கருங்காலி போடலாமே என்கிறார்கள். கருங்காலி நல்ல மரம்தான்; ஸ்னூக்கர் கோலின் அடிக்கட்டைக்கு வெகுகாலமாக உபயோகித்து வருகிறார்கள். பாரமான மரம், அதனால் கைப்பக்கம் நிற்கிறது. அதோடு அதன் மகிமை முடிந்தது. ஆனால் இப்போது நம் நாட்டில் கருங்காலி மாலை போட்டுக்கொண்டால் கிரகங்கள் எல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடும் என்று ஒரு காய்ச்சல் பரவியிருக்கிறது. கழுத்தில் போட்டதன் பலன் போதாதென்று கோலிலும் போட்டுக்கொண்டால் பந்து தானாகவே பையைத் தேடிப் போகும் என்ற நம்பிக்கை. இரண்டு வியாதிக்கும் கிருமி ஒன்றுதான். தன் கையை நம்பாதவன் சாமானை நம்புகிறான்.

இந்த மூடத்தனத்தால் நஷ்டம் அடைகிறவர்கள் யார்? ஏமாறுகிறவர்களின் பர்ஸைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கவலை கடைசல்காரர்களைப் பற்றியது. அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புச் சாமான் கடைகிற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கின்றன. மஞ்சக்கடம்புக் கட்டையைக் கடைசல் எந்திரத்தில் சுழலவிட்டு, உளியை ஓட்டி, சுழலுகிற மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்கிற சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தோடு ஒன்றிப்போகும். அளவுக் கருவியை வைத்துப் பார்ப்பதற்கு முன்னாலேயே, கட்டை அச்சில் நிற்கிறதா இல்லையா என்று அவர்கள் கைக்குத் தெரிந்துவிடும். தண்டு, மூடி, பூண், திருகு என்று கோலுக்கு வேண்டிய எல்லா ஞானமும் அந்தச் சின்னஞ்சிறு இட்லிக் கொப்பரைக்கும் ஆட்டுரலுக்கும் உள்ளே இருக்கிறது. பிளாஸ்டிக் பொம்மை வந்து அவர்கள் பிழைப்பில் பாதியைத் தின்றுவிட்டது.

அந்தக் கையிடம் ஒரு கோலைக் கொடுத்து, 'இந்த மூட்டின் முகத்தைச் சரியாக்கிக் கொடுங்கள்' என்று கேட்கிற ஆள் நம்மில் எத்தனை பேர்? கேட்டாலும் கூலி விஷயத்தில் என்ன செய்கிறோம்? பூணின் பொருளுக்கு என்றால் பேரம் பேசாமல் நோட்டை எண்ணி வைக்கிற அதே மனிதர், கடைகிற கூலி என்றதும், "ரெண்டு மணி நேர வேலைக்கு இவ்வளவா?" என்று பல்லைக் கடிக்கிறார். அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பின்னால் முப்பது வருஷம் நிற்பது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. சாமானுக்கு மரியாதை, கைக்குப் பேரம் என்கிற இந்த வழக்கம் கோலோடு நிற்பதில்லை. வீடு கட்டுகிறபோது தேக்குக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டுத் தச்சரின் கூலியில் பிடித்தம் செய்கிறோம். நகை செய்கிறபோது சவரன் விலையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுச் செய்கூலியில் சண்டை போடுகிறோம்.

இந்தப் பள்ளத்தாக்குக்கு அப்படி ஒரு புத்தி எப்படி வந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலப்பொருள் என்ன? ஆற்றங்கரையில் தானாக முளைக்கிற கோரை. எவனும் பூட்டி வைக்காத புல். அதை ஊறவைத்து, இழை இழையாகக் கிழித்து, பட்டுத் துணிபோல் மடிகிற பாயாக நெய்து உலகத்தின் முன்னால் விரித்துக் காட்டினார்கள். அந்தப் பாய்க்கு விலை கோரையால் வரவில்லை. கிழித்த விரலால் வந்தது. புல்லைப் பட்டாக்கிய ஊர்க்காரர்கள் நாம். அப்படிப்பட்டவர்கள் பொருளின் ஜாதியைப் பார்த்துக் கும்பிடு போடுவது நமக்கே அழகில்லை.

'அப்படியானால் அழகே வேண்டாமா? எல்லாம் இரும்புப் பூணாகவே இருக்க வேண்டுமா?' என்று யாராவது கேட்கலாம். அழகு தாராளமாக வேண்டும். பூணில் அரக்குப் பூசுங்கள், வரி வரியாகக் கடையுங்கள், வெள்ளி வளையம் பதியுங்கள். அது என் அழகு, என் ஆசை, அதற்கு நான் பணம் கொடுத்தேன் என்று நேர்மையாகச் சொல்லுங்கள். யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆசையை விஞ்ஞானம் என்று சொல்லி, இல்லாத குணத்தை இருப்பதாகக் கற்பித்து, ஆடப் பழகுகிற பையனை, 'உன் பித்தளை மூட்டை வைத்துக்கொண்டு நீ எங்கே உருப்படப் போகிறாய்' என்று பயமுறுத்துகிறீர்களே, அதைத்தான் கூடாது என்கிறேன். அந்தப் பையன் வீட்டில் போய் அழுகிறான். அவன் அப்பா கடன் வாங்குகிறார். அந்தக் கடனில் வாங்கிய கோலை வைத்துக்கொண்டு பையன் பழகுவதை விட்டுவிட்டு மூட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

கோல் வாங்கப் போகிறவர்கள் நாலு கேள்வி கேட்டால் போதும். மரம் எத்தனை வருஷம் காய்ந்தது? இரண்டு துண்டையும் மாட்டிச் சமதளமான மேஜையில் உருட்டினால் நுனி துள்ளுகிறதா? மூட்டைக் கழற்றித் திரும்ப மாட்டினால் அதே இடத்தில் வந்து நிற்கிறதா? கையில் தாங்கிப் பார்த்தால் பாரம் எனக்கு வேண்டிய இடத்தில் இருக்கிறதா? இந்த நாலுக்கும் சரியான பதில் கிடைத்தால் பூண் பித்தளையா பேக்கலைட்டா என்று யோசித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மிச்சமாகிற பணத்தில் நல்ல நுனித் தோல் நாலு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் மிச்சம் இருந்தால் அதைக் கடைந்து கொடுத்தவர் கையில் கொடுங்கள். அது அவருக்குச் சேர வேண்டிய பணம்.